நீருக்கடியில் முடிந்த வேலை

மகனுக்கு,

வழமையாக எழுதும் "அன்புள்ள" என்ற சொல்லை இந்தமுறை விட்டுவிட்டேன். அன்பு போய்விட்டது என்று நினையாதே. அதற்கு முன்னால் கோபம் வந்து நிற்கிறது. புரட்டாதி ஐந்தாம் திகதி நீ விமானம் ஏறுகிறாய். இரண்டு வருடப் புலமைப்பரிசிலில் பொது நிதி முகாமைத்துவம் படிக்கப் போகிறாய் என்று உன் மாமா கிளிநொச்சி முழுக்கச் சொல்லித் திரிகிறார். போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது பலர் வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் எல்லாருக்கும் முறையாக நன்றி சொன்னேன். அப்போது என் கைப்பைக்குள் கணக்காய்வுக் கடிதம் ஒன்று மடித்துக் கிடந்தது. அது உனக்கு வந்த கடிதம் அல்ல. உனக்கு வந்திருக்க வேண்டிய கடிதம்.

அதைக் கொண்டுவந்தவர் ராசிக். முல்லைத்தீவுப் பக்கம் நீ திட்டமிடல் அதிகாரியாக இருந்த பிரிவில், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரியும். பஸ் விசுவமடுவில் பழுதாகி நின்றுவிட, மிச்சத் தூரத்தை நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து வந்திருந்தார். தலைமயிரில் உமி. ஓய்வுபெற்ற பிரதம லிகிதர் ஒருத்தி அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரை நுனியில் இருந்து, கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. ஊரில ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாச் சொல்லுறாங்கள். ஒருத்தன் மறியல்ல போடுவாங்கள் எண்டுறான். ஒருத்தன் ஒண்டுமில்லை, தூக்கி எறி எண்டுறான்."

வாசித்தேன். குளத்துத் துருசை, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகை, திருத்துவதற்காகச் சங்கத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டது. வேலை திருப்திகரமாக முடிந்ததாகச் சான்று உள்ளது. கள ஆய்வில் அப்படி ஒரு வேலையே காணப்படவில்லை. எனவே அந்தத் தொகையைச் சங்கத் தலைவரிடமும் செயலாளரிடமும் ஏன் அறவிடக் கூடாது என்று ஆவணி முடிவதற்குள் எழுத்தில் காரணம் காட்டவும். இவ்வளவுதான் அதில் இருந்தது. ராசிக்குக்கு விளங்கப்படுத்தினேன். அவர், "அப்ப என்ர வயலை விக்கச் சொல்லுறாங்களோ?" என்று கேட்டார். ஊரைவிட்டுப் போகவைக்கப்பட்டு, புத்தளத்து முகாமில் பிள்ளைகளை வளர்த்து, சமாதானம் என்று சொன்ன பிறகு திரும்பி வந்து, பற்றைக் காட்டை வெட்டித் துப்புரவாக்கி எடுத்த வயல் அது.

"வேலை செய்யேல்லை எண்டால் ஏன் முடிஞ்சதெண்டு எழுதிக் குடுத்தனீங்கள்?" என்று நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். களவு செய்த ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாங்கள் எழுதேல்லையம்மா. கந்தோர்ச் சேர்தான் எழுதினவர். காசு கார்த்திகை கடைசியிலதான் வந்தது. குளம் நிரம்பி வான் பாயுது. துருசு தண்ணிக்குக் கீழ. எப்பிடித் திருத்துறது? சேர் சொன்னார், கடதாசியில முடிச்சுவிடுவம், தண்ணி வத்தினாப் பிறகு வேலையைச் செய்யுங்கோ எண்டு. நல்ல மனுசன், எங்களுக்காகத்தான் செய்தவர். இதில அவற்ர பேர் வராமல் எழுதித் தாங்கோ. பிள்ளை வெளிநாடு போறாராம்."

எந்தச் சேர் என்று நான் கேட்டேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான், என்னிடம் வந்ததற்குக் கடிதம் எழுதத் தெரிந்தவள் என்பது மட்டும் காரணமில்லை என்று எனக்கு விளங்கியது. உன்னை எப்படிக் காப்பாற்றுவது என்று உன் தாயிடமே கேட்க வந்திருக்கிறார் அந்த மனிதர்.

அன்று பின்னேரமே தொலைபேசிக் கடைக்குப் போய் உன்னை அழைத்தேன். நீ சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எழுதுகிறேன், நீயே வாசித்துப் பார். "அம்மா, இதெல்லாம் ஏன் தலையில போடுறீங்கள்? ஒப்பந்தம் எடுத்தது சங்கம்தானே. சங்கம் பதில் சொல்லட்டும்." நீ கையெழுத்து வைத்தாயா இல்லையா என்று கேட்டேன். "வைச்சனான். எல்லாரும் வைக்கிறதுதான். மார்கழி முடியிறதுக்குள்ள வைக்காட்டிக் காசு திரும்பிப் போயிடும். நீங்களும் கந்தோரில இருந்தனீங்கள்தானே, உங்களுக்குத் தெரியாதோ?" என்றாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். கடைக்காரப் பொடியன், "என்னம்மா, லைன் அறுந்துபோச்சோ?" என்றான். "இல்லை, நான்தான் அறுத்தனான்" என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ பார்க்காததைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் துருசை நீ கண்ணால் கண்டதே இல்லை. அடுத்தநாள் காலை பஸ் பிடித்துப் போய், ராசிக்குடன் குளத்துக்குள் இறங்கினேன். இந்த வயதில் சேலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெடித்த சேற்றுக்குள் நடந்தேன். ஆவணியில் குளம் ஒன்றையும் ஒளிக்காது. குளக்கட்டின் அடியில் கல்லால் கட்டிய துருசு வாய் வெறுமையாகத் திறந்து கிடந்தது. பலகைக் கதவு உக்கிப் பாதி இல்லை. அந்த ஓட்டைக்குள் மண் மூட்டைகளும் பனையோலையும் பழைய துணிகளும் திணித்து அடைத்திருந்தார்கள். ஒரு நீலச் சாரத்தின் கரை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ராசிக்கின் மனைவி சுபைதா கட்டின்மேல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் ஏறி வரும்போது சொன்னாள்: "வடிவாப் பாத்தீங்களோம்மா? உங்கட மகன் திருத்தின துருசு. கெளுத்தி மீனெல்லாம் வந்து பாத்திட்டு நல்ல வேலையெண்டு சொல்லிச்சுதுகள்." ராசிக் அவளை அடக்கப் பார்த்தார். "சொல்லட்டும் விடுங்கோ" என்றேன். "அந்தச் சாரமும் இவற்ரதான்" என்றாள் அவள். "பெருநாளுக்கு வாங்கினது. ரெண்டுதரம்தான் உடுத்தவர்."

மாரியில் நிறைந்த தண்ணீர் அந்த ஓட்டையால் இரவும் பகலும் ஒழுகிப் போயிருக்கிறது. சித்திரையில் குளத்தில் தண்ணீர் இல்லை. அந்தக் குளத்தை நம்பிய நாற்பது குடும்பங்களும் இந்த வருடம் சிறுபோக நெல் விதைக்கவில்லை. உன் கையெழுத்தில் திருத்தமாக இருக்கும் துருசு அவர்களுக்குத் தந்தது அதுதான்.

சீமெந்து எங்கே என்றும் கேட்டேன். அதையும் நீ அறிவாய். மார்கழியில் காசோலை மாறி, நூற்றிருபது பை சீமெந்தும் கதவுக்கான பலகையும் வாங்கிச் சங்கக் கட்டடத்தில் அடுக்கினார்கள். அதற்கு இரண்டாம் நாள் கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. கரையில் இருந்த சனம் உடுத்த உடுப்போடு ஓடிவந்து பாடசாலையில் தங்கியது. மலசலகூடம் இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. ராசிக் உன்னைக் கேட்டார். நீ அண்ணனை அழைப்பதுபோல, "குடுங்கோ நானா, பிறகு பாப்பம்" என்றாய். சீமெந்து முழுவதும் அங்கே போனது. பலகையும் போனது. இதில் நான் உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். அன்று நீ கொடுக்காமல் விட்டிருந்தால் இந்தக் கடிதம் இதைவிடச் சூடாக இருந்திருக்கும். வாங்கியது போக மீதிப் பணம் இன்றைக்கும் சங்கத்தின் வங்கிப் புத்தகத்தில் சதம் குறையாமல் கிடக்கிறது. ராசிக் அதையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். ஆக, ஒருவரும் திருடவில்லை. எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள். நல்லது செய்த எல்லாருக்கும் நடுவில் ஒரேயொரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யை எழுதியவன் விமானம் ஏறுகிறான். எழுதாதவர் வயலை விற்கப் போகிறார்.

கொடுத்தது சரி. எழுதாதது பிழை. ஒரு கடிதம், அரைப் பக்கம், "துருசுக்கென வாங்கிய சீமெந்து அவசர நிலையில் இன்னதற்குக் கொடுக்கப்பட்டது, துருசு வேலை நடக்கவில்லை" என்று நீ தை மாதம் எழுதியிருந்தால், கடல் வந்த அந்த வருடத்தில் உன்னை யார் கேள்வி கேட்டிருப்பார்கள்? நீ எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் மார்கழியில் வைத்த கையெழுத்து வெளியே வந்துவிடும். ஒரு பொய் நல்ல காரியத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வைத்துவிட்டது.

நீ படிக்கப் போகும் பாடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்களாம், வரவு செலவு மதிப்பீடு என்பது வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வாக்குறுதி என்று. இந்தப் பணம், இந்த வேலைக்கு, இந்த வருடத்துக்குள். வருடம் முடிந்தால் மிச்சம் திறைசேரிக்குத் திரும்ப வேண்டும். இது கெட்ட விதி அல்ல. ஒவ்வொரு கந்தோரும் பணத்தை அடைகாத்து வைத்துக்கொண்டு இருந்தால் நாட்டில் யாருக்கு என்ன மிஞ்சும்? ஆனால் அந்த விதியை எழுதியவர்களுக்கு வன்னியில் எப்போது மழை பெய்கிறது என்று தெரியாது. இங்கே குளத்தில் வேலை செய்யக்கூடிய மாதங்கள் ஆனியிலிருந்து புரட்டாதி வரை. அந்த மாதங்களில் காசு வராது. கையெழுத்துகள் மேசை மேசையாக ஊர்ந்து, காசு வந்து சேரும்போது கார்த்திகை. அப்போது குளம் நிறைந்திருக்கும். நிறைந்த குளத்துக்குள் துருசைத் திருத்து, முப்பத்தொன்றாம் திகதிக்குள் திருத்து, இல்லாவிட்டால் திருப்பித் தா என்கிறது விதி. திருப்பித் தந்தால், உனக்குச் செலவழிக்கத் தெரியாது என்று அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள். இந்த அநியாயம் எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? இருபத்தொன்பது மார்கழிகளை நான் கந்தோரில் இருந்து பார்த்தவள்.

ஆனால் யோசித்துப் பார். நீ அந்தப் பணத்தைக் காரணத்தோடு திருப்பி அனுப்பியிருந்தால், "மழைக்கு முன் காசு வந்தால்தான் குளத்து வேலை நடக்கும்" என்று ஒரு வரி கொழும்பில் ஒரு மேசைக்குப் போயிருக்கும். பத்து அதிகாரிகள் பத்து வருடம் அப்படி எழுதியிருந்தால் ஒருநாள் யாராவது நாட்காட்டியைப் பார்த்திருப்பார்கள். நீயும் உன்னைப்போன்ற கெட்டிக்காரர்களும் வருடாவருடம் என்ன அனுப்புகிறீர்கள்? ஒதுக்கியது முழுதும் செலவு, வேலை எல்லாம் திருப்தி. அதை வாசிப்பவர் வன்னியில் ஒரு குறையும் இல்லை என்றுதானே நினைப்பார்? அவர்களுக்குத் தெரியாமல் வைத்திருப்பதே நீங்கள்தான்.

அரசாங்கக் காசு என்று நீ வாய்க்கு வாய் சொல்வாய். அப்படி ஒரு காசு உலகத்தில் இல்லை. சுபைதா வாங்கும் நெருப்புப்பெட்டியிலும் மண்ணெண்ணெயிலும் வரி இருக்கிறது. புத்தளத்து முகாமில் இருந்தபோதும் அவள் சீனி வாங்கியிருப்பாள், அதிலும் இருந்தது. வடக்கே வரும் வழியில் ஒரு பை சீமெந்து எத்தனை இடத்தில் கட்டணம் கட்டுகிறது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவளிடம் எடுத்து, அவளுக்கென்று ஒதுக்கி, அவளுக்குக் கொடுத்ததாக எழுதி, இப்போது அவள் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கேட்கிறார்கள். இதற்கு என்ன பெயர் என்று உன் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. கேள். குளத்திலிருந்து திரும்பி வரும்போது, எனக்குக் கீழே வேலை பழகி இப்போது திட்டமிடல் கிளையில் இருக்கும் பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். அடுத்த வருட மதிப்பீட்டுக்கான பட்டியல் தயாராகிறது என்றாள். அந்தக் குளம் இருக்கிறதா பார் என்றேன். விரலால் தேடினாள். "இல்லை மிஸ். போன வருசம் திருத்தினதெண்டு வெட்டியிருக்கு" என்றாள். விளங்குகிறதா? பணம் போனால் இன்னொரு வருடம் பணம் வரும். நீ அழித்தது பணத்தை அல்ல, தேவையை. புத்தகத்தின்படி அந்தக் குளத்துக்கு ஒரு குறையும் இல்லை. குறையில்லாத குளத்துக்கு யார் காசு ஒதுக்குவார்கள்? நீ வாய் திறக்கும்வரை அந்த நாற்பது குடும்பத்துக்கும் அரசாங்கத்தின் கணக்கில் குளத்துத் தண்ணீர் ததும்பிக்கொண்டுதான் இருக்கும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீங்களும் கந்தோரில் இருந்தீர்கள்தானே, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாய். தெரியும். நன்றாகத் தெரியும். அந்தத் தொலைபேசியை நான் வைத்தது உன்மேல் வந்த கோபத்தில் மட்டும் அல்ல.

இடம்பெயர்ந்து நாங்கள் ஸ்கந்தபுரத்தில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது கொழும்பில் பல்கலைக்கழகத்தில். கந்தோர் ஓலைக் கொட்டிலில் நடந்தது. நான் கொள்வனவுக் கிளைக்குப் பொறுப்பு. ஒரு பாடசாலைக்கு எழுபது மேசையும், பிள்ளைகள் இருக்க வாங்குகளும் செய்ய ஒரு தச்சரிடம் கொடுத்திருந்தோம். மரம் வரவில்லை, மார்கழி வந்துவிட்டது. காசு திரும்பிப் போய்விடும் என்று எல்லாருக்கும் பதற்றம். நான் பற்றுச்சீட்டை எடுத்து, "பொருட்கள் நல்ல நிலையில் பெறப்பட்டன" என்று என் அழகான கொன்வென்ற் எழுத்தில் எழுதி, கையெழுத்து வைத்தேன். பொருட் பதிவேட்டிலும் ஏற்றினேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே எழுதினேன். பிள்ளைகளுக்காகச் செய்கிறேன் என்று பெருமையாகவும் இருந்தது. காசை வாங்கி மரம் எடுக்கப் போன தச்சர் திரும்பி வரவில்லை. பாதை மூடிவிட்டது, என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

அடுத்த வருடம் அந்தப் பாடசாலை அதிபர் கொட்டிலுக்கு வந்தார். மேசை வேண்டும் என்றார். நான் பதிவேட்டைத் திறந்து, "உங்களுக்கு எழுபது மேசை தந்திருக்கு சேர்" என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் பகிடி விடவில்லை என்று கண்டுகொண்டார். "பிள்ளையள் நிலத்தில இருந்து எழுதுதுகள். ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். "புத்தகத்தில ஏத்தியிருக்கு சேர், நான் என்ன செய்யிறது?" என்றேன். அவர் எழும்பி, மேசையில் இருந்த அந்தப் பெரிய பதிவேட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். "நல்ல மொத்தமான புத்தகம்தான். அப்ப இதைத் தாங்கோவன், கொண்டுபோய்ப் பிள்ளையளை இதுக்குமேல இருத்துறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாடசாலையில்தான் உன் தங்கை எட்டாம் வகுப்புப் படித்தாள். ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சட்டையின் பின்பக்கம் செம்மண்ணோடு வருவாள். என்னைத் தெரியும்தானே உனக்கு. உடுப்பில் ஒரு கறை இருந்தால் எனக்குப் பொறுக்காது. சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடான காலம். "நிலத்தில உருண்டு விளையாடவோ உன்னை அனுப்பினனான்?" என்று பிரம்பால் கால்களில் அடித்தேன். ஒருநாள் அல்ல, பல நாள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதிபர் வந்துபோன அன்று பின்னேரம்தான் கேட்டேன், "நீங்கள் எதில இருந்து எழுதுறனீங்கள்?" என்று. "நிலத்திலதான் அம்மா. எங்கட வகுப்புக்கு மேசை இல்லை" என்றாள். நான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லையே" என்றாள்.

அப்போதும் நான் பதிவேட்டைத் திருத்தவில்லை. வேலை போய்விடும், உங்கள் இருவரையும் யார் பார்ப்பது என்று பயந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். குருவானவர் மன்னிப்பும் தந்தார், செபமாலையில் பத்து மணி சொல்லச் சொன்னார். சொன்னேன். எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. பதிவேடு அப்படியே இருந்தது. எழுபது மேசையும் அதில் நல்ல நிலையில் இருந்தன. நான் ஓய்வுபெறும்வரை அந்தப் பாடசாலைக்கு மேசை ஒதுக்கவே இல்லை.

இதோடு இன்னொன்றும் என் கணக்கில் இருக்கிறது. உன் அப்பா இறந்தபோது உனக்குப் பதினான்கு வயது. மாத முதல் நாளில் உன்னை மேசையில் இருத்தி, கொப்பியில் வீட்டுச் செலவுக்குத் தலைப்புப் போட்டு எழுதவைப்பேன். அரிசி, எண்ணெய், பள்ளிக்கூடம், மருந்து, எதிர்பாராதது. மாத முடிவில் ஒரு சதம் பிசகாமல் கூட்டு வர வேண்டும். ஒருமுறை நீ மருந்துக் காசில் சைக்கிள் டியூப் வாங்கிவிட்டு, மருந்து என்றே எழுதிவைத்தாய். நான் கண்டுபிடித்தேன். உனக்கு அடி விழுமென்று நின்றாய். நான் கொப்பியைப் பார்த்துவிட்டு, "கூட்டு சரியாத்தான் இருக்கு. இனி இப்படிச் செய்யாதை" என்று சொல்லி மூடிவிட்டேன். அன்று நான் அந்த ஒரு சொல்லை வெட்டி, "சைக்கிள் டியூப்" என்று உன் கையாலேயே எழுதவைத்திருக்க வேண்டும். மருந்துக் காசு எங்கே போனது என்று அந்தக் கொப்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் உனக்குக் கூட்டுச் சரியாக வரப் பழக்கினேன். உண்மை எழுதப் பழக்கவில்லை. இதற்காகவும் எனக்கு என்மேல் கோபம்தான். ஆனால் நீ பதினான்கு வயதில் இல்லை இப்போது.

ராசிக்குக்கான பதிலை நான் எழுதிவிட்டேன். நடந்தது முழுவதும் அதில் இருக்கிறது, உன் பெயரும் பதவியும் உட்பட. நேற்று வந்து வாசித்துப் பார்த்தவர், பேனையைக் கையில் எடுக்கவே இல்லை. "பெத்த தாய் எழுதுற கடிதமோம்மா இது?" என்றார். "வேற ஆர் எழுதுறது?" என்றேன். "அவர் வந்து சொல்லட்டும். அவர் சொல்லாமல் நான் அவரை மாட்டிவிடமாட்டன். எங்கட சனம் பாடசாலையில கிடக்கேக்க ஒரு கேள்வி கேக்காமல் குடுங்கோ எண்டு சொன்ன மனுசன்" என்று சொல்லி, கடிதத்தை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். நீ வராவிட்டால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். வேறு ஏதோ மழுப்பலாக எழுதிக் கொடுத்து, அறவிடும் பணத்துக்கு வயலை ஈடு வைப்பார். அந்த மனிதரின் மரியாதைக்குப் பின்னால் நீ ஒளிந்துகொண்டு நிற்கிறாய், மகனே. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடத் தாங்கவில்லை.

நீ எழுத வேண்டியது நாலே வசனம். வேலை நடக்கவில்லை. நடந்ததாகச் சான்றளித்தவன் நான். சீமெந்து என் வாய்மொழிச் சம்மதத்துடன் வேறு தேவைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தக் குளத்தை அடுத்த வருட மதிப்பீட்டில் சேர்க்கவும். நூறு பக்க அறிக்கை எழுதுகிறவனுக்கு இது ஒரு வேலையா? ஒருவேளை புலமைப்பரிசில் கைவிட்டுப் போகும். ஒருவேளை பதவி உயர்வும் போகும். போகட்டும் என்று சொல்ல எனக்குச் சுலபமில்லை. உன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அயலுக்கெல்லாம் காட்டியவள் நான்தான். கொன்வென்ற்றில் எங்களுக்குத் தையல் சொல்லித்தந்த சிஸ்டர், தையல் கோணினால் முழுக்கப் பிரிக்கச் சொல்லுவா. திரும்பத் தைத்தாலும் பழைய ஊசி ஓட்டைகள் துணியில் தெரியும். "தெரியட்டும், அதோடேயே உடு" என்பா. எங்களுக்கு அவாமேல் பொல்லாத ஆத்திரம். அந்தச் சட்டைகள்தான் கிழியாமல் கனகாலம் இருந்தன.

உன்னைக் கேட்பதற்கு எனக்கு என்ன அருகதை என்று நீ நினைக்கலாம். நினைக்க வேண்டும். ஆகவே இன்று காலை தபால் கந்தோருக்குப் போனேன். எழுபது மேசையைப் பற்றி, என் முழுப் பெயரும் ஓய்வூதிய இலக்கமும் போட்டு, பெறாததைப் பெற்றதாக எழுதியவள் நான்தான் என்று மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இத்தனை வருடம் கழித்து அதை என்ன செய்வார்களோ, என் ஓய்வூதியத்தில் கைவைப்பார்களோ தெரியாது. கடைசி வரியில், அந்தப் பாடசாலைக்கு இன்னமும் மேசை தேவைப்படுகிறதா என்று பார்த்து ஒதுக்கும்படி கேட்டிருக்கிறேன். அந்தப் பதிவுத் தபால் பற்றுச்சீட்டை இந்தக் கடிதத்தோடு குத்தி வைத்திருக்கிறேன். அதை உன்னோடு வைத்துக்கொள், தொலைத்துவிடாதே. எனக்குத் திருப்பித் தர வேண்டும்.

ராசிக்கின் கடிதம் என் மேசையில், கண்ணாடிப் பாரத்தின் கீழே கிடக்கிறது. கையெழுத்து வைக்கும் இடம் இரண்டாக விட்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் இங்கே வந்துவிடலாம். புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வராதே, குளத்துக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். அது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் வற்றிக் கிடக்கும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தண்ணீர் ஏறித் துருசை மூடிவிடும். அதற்குப் பிறகு யார் வந்து பார்த்தாலும் நீ எழுதியது சரி என்றுதான் தெரியும்.

அம்மா